கொக்குமேட்டுச் சரளை

திருச்சானூரில் திருவேங்கடத்தின் லாட்ஜுக்குப் பின்னால் சரளைக்கல் கழுவிய தண்ணீர், இரண்டடி தள்ளியிருந்த சாக்கடைக்குப் போகாமல், ரேணிகுண்டா, புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர் வழியாகக் கொக்குமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு விரல் அகலம், செம்மண் நிறம், ஆள் நடக்கும் வேகம். ரேணிகுண்டா மேம்பாலத்தில் ஓரமாக ஏறி ஓரமாக இறங்கியது. டோல்கேட்டில் இருசக்கர வண்டிகள் போகும் சந்தில் நுழைந்து போனது. புத்தூரில் கை கால் முறிந்து கட்டுப் போட வந்தவர்கள் தாண்ட முடியாமல் நின்றபோது, அவர்கள் கடக்கும் வரை அது காத்திருந்ததாகச் சொல்கிறார்கள். அது மிகையாக இருக்கலாம். மற்றதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. முதல் இரண்டு நாள் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு தக்காளி விலை ஏறியது, எல்லோரும் அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

திருவேங்கடம் கொக்குமேட்டுக்காரர். நாகலாபுரத்துக்குத் தெற்கே ஆரணியாறு வளைந்து திரும்பும் இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. வளைவை ஒட்டி அவருக்குப் பூர்வீக நிலம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருச்சானூரில் லாட்ஜ் கட்டினார். தாயார் கோயிலுக்கு வரும் கூட்டம் அவரை நன்றாகவே வாழவைத்தது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் காவ்யா ஒருமுறை வந்தபோது, லாட்ஜுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, நைனா, இங்கே ஒரு குளம் கட்டி வண்ண மீன் விட்டால் ஜனங்கள் ஃபோட்டோ எடுப்பார்கள் என்றாள். அவர் உடனே குழி வெட்டினார். குளத்தின் அடியில் பரப்பச் சரளைக்கல் வேண்டும் என்றதும், அவரிடம் டிராக்டர் ஓட்டிய கன்னையாவைக் கூப்பிட்டு, நம் நிலத்துப் பக்கத்திலேயே ஆறு சும்மாதானே கிடக்கிறது, அள்ளிக்கொண்டு வா என்றார். அந்த வளைவில் ஏற்கெனவே பல வருடமாக இயந்திரம் வைத்து மணல் எடுத்து, பனைமரம் நின்றாலும் தலை தெரியாத ஆழத்துக்குப் பள்ளம் ஆகியிருந்தது. ஊர்க் கிணறுகள் வற்றியது அந்தப் பள்ளத்தால்தான். கன்னையாவும் அவன் மனைவி செல்லியம்மாவும் ஊரை விட்டுத் திருச்சானூருக்கு வந்து, லாட்ஜின் பின்கட்டில் ஒரே அறையில் குடியிருப்பதும் அந்தக் கிணறுகளால்தான். பள்ளத்தின் அடியில் மணல் தீர்ந்து சரளை தெரிந்தது. கன்னையா அதை வாரிக்கொண்டு வந்து கொட்டினான்.

மீன் கொண்டுவர வேண்டியவர் சென்னை கொளத்தூரில் மீன் கடை வைத்திருப்பவர். அவர் வந்து சரளைக் குவியலைப் பார்த்துச் சொன்னது இதுதான்: இப்படியே போடக் கூடாது. ஓட்டைக் கூடையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கழுவ வேண்டும். சோப்பு ஆகாது. கழுவிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்க வேண்டும், அடி தெளிவாகத் தெரிகிற வரை நிறுத்தக் கூடாது. கலங்கல் கொஞ்சம் இருந்தாலும் மீனின் செவுளில் போய் அடைத்துக்கொள்ளும், அத்தனை மீனும் செத்துவிடும். திருவேங்கடம் தலையாட்டினார். பெருக்கிக்கொண்டிருந்த செல்லியம்மாவைக் கூப்பிட்டு, அவள் கையில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்து, எல்லோர் முன்னிலும், இனி இந்தக் கல் சுத்தமா இல்லையா என்பதை நீதான் சொல்ல வேண்டும், நீ சொல்லாமல் ஒரு கல்லும் குளத்துக்குள் இறங்காது என்றார். இதை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தார்.

கொக்குமேட்டிலும் அந்தப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களிலும் ஒரு பழக்கம் உண்டு. ஆள் இறந்தால் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, கருமாதி வரை அந்தக் கல்லையே இறந்தவராக வைத்துக்கொள்வார்கள். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக் குளிப்பாட்டுவார்கள். ஊற்றுவது இடது கையால். வடிகிற தண்ணீர் தெளிகிற வரை பாதியில் எழுந்திருக்கக் கூடாது. கருமாதியன்று கல்லை ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். ஆறு கல்லை உருட்டிக்கொண்டு போய்ப் பழவேற்காட்டுக் கடலில் சேர்த்துவிடும் என்பது கணக்கு. நிலமுள்ளவர்கள் மேல்துறையில் விட்டார்கள், செல்லியம்மாவின் ஆட்கள் கீழ்த்துறையில் விட்டார்கள். ஆறு ஓடிய காலத்தில் இதில் ஒரு குறையும் இல்லை. ஆறு ஓடாமல் போன பிறகும் அவர்கள் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், கணுக்கால் அளவு குட்டையில், சில வருடம் வெறும் ஈர மணலில். விட்டவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. அதனால், ஊரின் செத்துப்போன ஜனங்களெல்லாம் கடலுக்குப் போகாமல் அந்த வளைவிலேயே கிடக்கிறார்கள் என்பது கொக்குமேட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

செல்லியம்மா முதல் கூடையிலேயே தன் மாமியார் சந்திரம்மாவைப் பார்த்தாள். கொழுக்கட்டை அளவு கறுப்புக் கல், ஒரு பக்கம் மூக்குப் போல நீண்டு, அந்த மூக்கு நுனியில் உடைந்திருந்தது. உடைத்தது செல்லியம்மாதான். கருமாதிக்கு முன்னால் ஒருநாள் எண்ணெய்க் கையோடு குளிப்பாட்டும்போது கல் நழுவிப் படியில் விழுந்தது, செத்தும் கிழவி என் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் அன்றைக்குச் சொன்னதற்கு அழ வந்தவர்களே சிரித்தார்கள். மாமியாரும் மருமகளும் இருந்த காலமெல்லாம் சண்டை போட்டவர்கள். செல்லியம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வலது கையிலிருந்த சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "குளி மாமி" என்றாள்.

லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜமீலா, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கல்லுகிட்ட இன்னாக்கா பேசிக்கினு இருக்க?"

"எங்க மாமியாகிட்ட."

"அந்தம்மாதான் செத்துப் போய்ச்சேன்னு சொன்னியே?"

"செத்தா இன்னா. வந்துக்கீறா பாரு. நான் எங்க வேல செய்றேனோ அங்கியே கரீட்டா வந்து குந்திக்கிறா."

ஜமீலா கீழே இறங்கி வந்து பார்த்தபோது, வடிந்த தண்ணீர் சாக்கடை வரை போய், ஒரு நொடி நின்று, முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும் மாடு போல விலகி, கேட்டுக்கு வெளியே போனது. சிமெண்டுத் தரை அந்தப் பக்கம் மேடு. தண்ணீர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு பெண்களும் ரோடு வரை கூடவே போய்ப் பார்த்தார்கள். ஜமீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு துணி உலர்த்தப் போனாள், செல்லியம்மா அடுத்த கூடையை எடுத்தாள்.

மூன்றாம் நாள் கொக்குமேட்டிலிருந்து அவள் தம்பி கங்கையா போன் செய்தான். மேகம் இல்லை, மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் வருகிறது, செங்கலங்கலாக, பள்ளத்துக்குள் இறங்கி வண்டலைப் போட்டுவிட்டு மண்ணில் சுவறிவிடுகிறது என்றான். எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனவன் பிச்சாட்டூர் வரை நடந்தும் மூலம் தெரியாமல் பஸ்ஸில் திரும்பியிருக்கிறான். செல்லியம்மா, "என் கைலேர்ந்துதான்டா வருது" என்றாள். கங்கையா அப்படியென்றால் சரி என்று வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அவள் மூக்குடைந்த கல்லைக் கன்னையாவின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்த்தான். பார்த்தவுடன் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒத்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை.

"ஆத்துல ஆயிரம் கல்லு கீது. மூக்கு ஒடஞ்சதெல்லாம் எங்கம்மாவா?"

"ஒடச்சவளுக்குத் தெரியாதாயா? உங்கம்மாவ நீதான் மிசினு வுட்டு வாரிக்கினு வந்துகீற. லாட்ஜு மீனுக்கு மெத்த போட."

"நாம வுட்டதெல்லாம் கடலுக்குப் போய்ச்சின்னுதானமே நெனச்சேன். எல்லாரும் அப்டித்தான நெனச்சோம்."

"திரும்பிப் பாத்தியா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் சொன்னாள்: "அவள நான் திட்டலாம். இருவது வருசம் திட்டிக்கினேன், அவளும் என்னத் திட்டினா. அதுக்குன்னு எவனோ வாங்கியாந்த மீனு அவ தலமேல பேலணுமா? ஒரு கல்லு கொளத்துல எறங்காது. எழுதி வெச்சிக்க."

கன்னையா முதலாளியிடம் வேலை போய்விடும் என்றான், ஊரில் நம்மைச் சும்மா விடமாட்டார்கள் என்றான், உன் காலில் விழுகிறேன் என்றான். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அந்த அறை சின்னது. இரண்டு பேர் கை நீட்டிப் படுத்தால் சுவர் இடிக்கும். அதற்குள் அந்த மௌனம் மூன்றாவது ஆளாக ஒரு வருடத்துக்கும் மேல் குடியிருந்தது. அதற்கும் அவர்கள் இடம் விட்டுப் படுத்தார்கள்.

செல்லியம்மா செய்தது வேறொன்றுமில்லை, சொன்ன வேலையைச் செய்தாள். காலையில் டிபன் டப்பாவோடு வந்து குழாயடியில் உட்காருவாள். முதலில் மாமியாரைக் குளிப்பாட்டிக் குழாய்த் திட்டில் வைப்பாள். பிறகு கூடை கூடையாக மற்றவர்கள். யார் கல் எது என்று எல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததற்கு முறை சொல்லிக் கூப்பிட்டாள், தெரியாததற்குப் பொதுவாக வாங்க என்றாள். சாயங்காலம் திருவேங்கடம் வருவார். அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டுவாள். முதல் மாதம் அவரும் டம்ளரைப் பார்த்து, ஆமாம் கலங்கல்தான் என்று போனார். இரண்டாம் மாதம் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கார்த்திகை பிரம்மோற்சவம் நெருங்கியபோது அவருடைய பொறுமை போய்விட்டது.

"தெளிவாத்தானம்மா கீது! அடி தெரியுதே!"

"எனுக்குத் தெரியல முதலாளி."

"மீனு வுடப் போறோம், செல்லியம்மா. சாமி செலையா நிறுத்தப் போறோம், இந்தக் கழுவு கழுவுற?"

"மீனு செத்தா என்னத்தான கேப்பீங்க? நீங்கதான நாலு பேரு முன்னால டம்ளரக் குடுத்தீங்க. வேணான்னா வாங்கிக்குங்க."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். ஜமீலாவிடம் கொடுத்தார். ஜமீலா குழாயடியில் உட்கார்ந்து ஒரு கூடை கழுவி, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எனக்கும் அடி தெரியவில்லை சார் என்றாள். அறைகளுக்கு வெள்ளையடிக்க வந்தவனிடம் கொடுத்தார், அவனும் அதையே சொன்னான். ரேணிகுண்டாவிலிருந்து கார் கழுவும் மோட்டாரை வரவழைத்தார். அது பீய்ச்சியடித்ததில் தண்ணீர் கொஞ்சம் வேகமாகப் புத்தூர் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். டம்ளர் மறுபடி செல்லியம்மாவிடம் வந்தது. பிரம்மோற்சவத்தின் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்துக்கு வந்த லட்சம் ஜனமும் தாயார் குளத்தில் முழுகிவிட்டுப் போனார்கள், திருவேங்கடத்தின் குளம் வெறும் குழியாக இருந்தது.

அடுத்த வருடம் ஒரு அதிகாரி வந்தார். ரோட்டோரத்துக் கடைக்காரர்கள் யாரோ மனு போட்டிருந்தார்கள். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெலுங்கில் கேட்டார். வந்த இடத்துக்கே போகிறது என்று செல்லியம்மாவும் தெலுங்கிலேயே சொன்னாள். அவர் ஆள் வைத்து வழியை மறித்துச் சிமெண்டு போட்டார். தண்ணீர் சிமெண்டு காய்கிற வரை பொறுத்திருந்து அதன்மேல் ஏறிப் போனது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, டீ வாங்கிக் குடித்து, மாற்றல் கேட்டு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரோட்டோரத்துக் கடைக்காரர்கள் அதற்குள் பழகிவிட்டார்கள். கடை திறந்ததும் அதில் ஒரு கை அள்ளி வாசலில் தெளித்தார்கள். மண் வாசனை நன்றாக இருந்தது.

திருவேங்கடம் தோற்றுப் பழக்கமில்லாதவர். இரண்டாவது கார்த்திகைக்கு முந்தின வாரம், செல்லியம்மா ரேஷனுக்குப் போயிருந்த காலை நேரத்தில், ஆட்களை வைத்துச் சரளையைக் குளத்துக்குள் தள்ளி, பரப்பி, தண்ணீர் நிரப்பி, கொளத்தூரிலிருந்து வந்த மீன்களையும் விட்டுவிட்டார். மூக்குடைந்த கல் மட்டும் குழாய்த் திட்டில் தனியாக இருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மீன்கள் ஆரஞ்சும் வெள்ளையுமாக நீந்தின. காவ்யாவுக்கு வீடியோ அனுப்பினார். செல்லியம்மா திரும்பி வந்து பையை இறக்கி வைத்து, குளத்தைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். கத்தவில்லை. டம்ளரைக் கொண்டுபோய்க் குளத்துத் தண்ணீரில் முக்கி எடுத்து அவருக்கு முன்னால் கரையில் வைத்தாள்.

"நான் சுத்தம்னு சொல்லல."

"நான் சொல்றேன். என் லாட்ஜு, என் கொளம், என் கல்லு."

"கல்லு உங்களுதா?" என்றாள் அவள். "கேட்டுப் பாருங்க."

உச்சி வெயிலில், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த யாத்ரீகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குளத்துத் தண்ணீர் முழுவதும் எழுந்து கரையைத் தாண்டி வெளியே வந்தது. யாரையும் நனைக்கவில்லை. கேட்டில் காவலாளி எழுந்து நின்றான், அது அவனைக் கடந்து ரோட்டில் இறங்கி, மீன்களோடு, வழக்கமான வழியில் கிளம்பிப் போய்விட்டது. இந்த முறை லாரி அகலம் இருந்ததால் ரேணிகுண்டாவில் போக்குவரத்தைச் சற்று நிறுத்த வேண்டியிருந்தது. குளத்தின் அடியில் சரளை காய்ந்து கிடந்தது.

மறுநாள் கங்கையா போன் செய்தான். "அக்கா, ஆத்துல கலர் கலரா மீனு வந்துக்கீது. துன்னலாமா?"

"துன்னாதடா. அது முதலாளி வூட்டு மீனு. தொட்டில வுட்டு வை."

"ஒண்ணே ஒண்ணு."

"கங்கையா!"

மீன்களைக் கொண்டுவரத் திருவேங்கடம் கிளம்பினார். கன்னையாதான் வண்டி ஓட்டினான். வழி முழுக்க அந்தத் தண்ணீர்த் தடம் கூடவே வந்தது. இருவரும் அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டே போனார்கள். கொக்குமேட்டில் இறங்கி வளைவுக்குப் போனபோது, பனைமர ஆழத்துப் பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்திருந்தது. கரையோரக் கிணற்றில் தண்ணீர் தெரிந்தது. வண்டலின் மேல் கல் முளைத்திருந்தது. சில கல் கடுகு அளவு, சில புளியங்கொட்டை அளவு. திருச்சானூரில் கழுவக் கழுவக் குவியல் குறைந்துகொண்டு வந்ததைத் திருவேங்கடம் ஆட்கள் திருடுகிறார்கள் என்று நினைத்திருந்தார். தேய்ந்து வந்த தூள் இங்கே வந்து மறுபடி கல்லாகிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் கரைமேல் நின்றார்கள். கன்னையாவை யாரும் திட்டவில்லை. அவன் திட்டுவார்கள் என்றுதான் வந்திருந்தான், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டும் வந்திருந்தான். அவர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றது அவனால் தாங்க முடியாததாக இருந்தது. திருவேங்கடம் செருப்பைக் கழற்றிவிட்டு மேல்துறை இருந்த இடம் வரை நடந்து போனார், அங்கே வெகுநேரம் நின்றார். மீனைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். இப்போதே கொண்டுபோக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலையில் செல்லியம்மா குழாயடிக்கு வந்தபோது, கன்னையா அங்கே உட்கார்ந்திருந்தான். குளத்திலிருந்த சரளையை எல்லாம் ஒற்றை ஆளாக நின்று வாரிக் குழாயடியில் குவித்திருந்தான். மூக்குடைந்த கல் அவன் மடியில் இருந்தது. அவள் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் வலது கையால் எடுத்தான்.

"இடது கையில ஊத்துயா" என்றாள் அவள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் கையை மாற்றினான். ஊற்றிக்கொண்டே அழுதான். அந்தத் தண்ணீரும் கொக்குமேட்டுக்குத்தான் போனது.

அதன் பிறகு வேலை சுருக்காக நடந்தது. கற்கள் எலுமிச்சை அளவுக்குத் தேய்ந்தன, பிறகு நெல்லிக்காய் அளவுக்கு, பிறகு குருமணலாகி, கூடையின் ஓட்டை வழியே தாமாகவே கிளம்பின. திருவேங்கடம் சாயங்காலம் வருவதை நிறுத்தவில்லை. டம்ளரைக் கேட்பதை நிறுத்திவிட்டார். நாற்காலி போட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், குவியல் ஒரு கூடைக்குள் அடங்கிவிட்ட காலத்தில், கேட்டார்.

"எங்க நைனா கல்லும் அந்த வளைவுலதான் வுட்டோம். நடுவுல வெள்ளக் கோடு போட்ட கல்லு. நீ பாத்தியாம்மா?"

செல்லியம்மா தலை நிமிரவில்லை. கூடையைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இருந்தா போய்ச் சேந்திருப்பாரு, முதலாளி. நாங்க தொறை பாத்துக் கழுவல."

அவர் எழுந்து குழாயடிக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். ஜமீலா மாடியிலிருந்து பார்த்தாள். முதலாளி தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கன்னையா சொம்பை அவரிடம் கொடுக்கலாமா என்று மனைவியைப் பார்த்தான். அவள் கொடு என்று தாடையால் காட்டினாள். எந்தக் கை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கார்த்திகையில், பஞ்சமி தீர்த்தத்துக்கு ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலையில், கடைசியாக மிச்சமிருந்தது மூக்குடைந்த கல் மட்டும்தான். மற்றதெல்லாம் தேய்ந்தபோதும் அது தேயாமலேயே இருந்தது. பிடிவாதக்காரி என்று செல்லியம்மா சொல்லிக்கொண்டாள். அதைக் கூடையின் நடுவில் வைத்து, "போறியா, இல்ல இன்னும் என் உசிர வாங்கணுமா?" என்று கேட்டாள். இடது கையால் ஒரு சொம்பு ஊற்றினாள். கல் மெதுவாகச் சர்க்கரை போலக் கரைந்தது. மூக்கு கடைசியாகப் போனது. தண்ணீர் கேட்டைத் தாண்டிக் கூட்டத்தின் கால்களுக்கு இடையில் புகுந்து போனது. கருமாதியன்று செய்தது போல அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எழுந்து ரோடு வரை கூடவே போய், இடுப்பில் கை வைத்து, அது திருப்பத்தில் மறைகிற வரை கண் எடுக்காமல் பார்த்தாள்.

பிறகு திரும்பி வந்து, வெறும் கூடையில் தண்ணீர் ஊற்றி, வடிந்ததை டம்ளரில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அடி தெரிந்தது. அடிக்கு அப்பால் அவளுடைய உள்ளங்கை ரேகை தெரிந்தது. திருவேங்கடத்திடம் நீட்டினாள்.

"இப்ப சுத்தம், முதலாளி. போட்டுக்கலாம்."

போட ஒரு கல்லும் இல்லை. திருவேங்கடம் டம்ளரை வாங்கிப் பார்த்தார், ஆமாம், சுத்தமாகத்தான் இருக்கிறது என்றார். இது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. மறுநாள் மாலை கங்கையா போன் செய்து, மூக்கு உடைந்த கல் ஒன்று வந்திருக்கிறது, மற்றதோடு சேராமல் கிணற்றுக்குப் போகும் வழியில் நடுவில் குந்திக்கொண்டு எல்லோர் காலையும் தடுக்குகிறது என்றான். அவள்தான் என்றாள் செல்லியம்மா. இப்போது பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை, அந்த வளைவில் யாரும் இயந்திரம் இறக்குவதும் இல்லை. ஊரில் யாராவது இறந்தால் கல்லை வைத்துக்கொண்டு ஆறு ஓடுகிற வரை காத்திருக்கிறார்கள், விட்டபின் எல்லோரும் திரும்பி நின்று பார்க்கிறார்கள். திருவேங்கடத்தின் குளத்தில் தொட்டியிலிருந்து திரும்பி வந்த மீன்கள் வெறும் சிமெண்டுத் தரைமேல் நீந்துகின்றன. ஜனங்கள் ஃபோட்டோ எடுக்கிறார்கள்.

போன வைகாசியில் அதே தெருவில் இன்னொரு லாட்ஜுக்காரர் குளம் கட்டினார். டிராக்டரில் சரளை வந்து இறங்கிய அன்று, செல்லியம்மா பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தை வைத்துவிட்டுப் போய், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எந்த ஆத்துக் கல்லு என்று டிரைவரைக் கேட்டாள். தடாவுக்கு இந்தப் பக்கம், காளங்கி என்றான் அவன். அவள் தடா பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் ஒரு உறவுக்காரிக்குப் போன் செய்து, "உங்க ஊரு ஆளுங்க இங்க வந்து கொட்டிக் கெடக்குறாங்க. கழுவ யாராச்சும் வாங்க" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பெண்கள் சொம்போடு வந்து இறங்கினார்கள். செல்லியம்மா தன் டம்ளரை அவர்களுக்குக் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் ஸ்ரீகாளஹஸ்தி வழியாகப் போகிறது. திருச்சானூரில் ஆற்றுச் சரளை வாங்குகிறவர்கள் கழுவுவதற்கு மூன்று வருடம் ஒதுக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவு காலம் இல்லாதவர்கள் சிமெண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.